துருப்பல் கூறுகளில் படிவ அமைப்புகளைச் சேமித்தல்

துருப்பல் என்னும் உள்ளடக்க மேலாண்மை முறைமையில், ஒரு கூறு தன் இயக்கத்துக்குத் தேவையான விருப்பங்களைத் தள நிருவாகியிடமிருந்து படிவம் ஒன்றின் வழியாகப் பெற்று, அவற்றைத் தரவுத்தளத்தில் நிலையாகப் பதிந்து வைக்கும் செயன்முறை படிவ அமைப்புகளைச் சேமித்தல் எனப்படுகிறது. மாட்யூல் என அழைக்கப்படும் கூறு, துருப்பலின் கருவுடன் இணைந்து இயங்கும் நீட்சி நிரலாகும். கூறொன்றை முதன்முறையாக எழுதும் நிரலாளர் பெரும்பாலும் முதலில் எதிர்கொள்ளும் பணி இதுவே. படிவத்தைத் திரையில் காட்டுவது எளிது. அதில் உள்ளிட்ட மதிப்பு சரியான பெயரில், சரியான வடிவில், சரியான இடத்தில் சேமிக்கப்படுவதிலேயே பிழைகள் மிகுதியாக நேர்கின்றன.

இச்செயன்முறை துருப்பலின் 4.7 முதல் 7 வரையான பதிப்புகளில் ஒரு விதமாகவும், 8 ஆம் பதிப்பிலிருந்து முற்றிலும் வேறு விதமாகவும் அமைந்துள்ளது. துருப்பல் 7 இற்கான அலுவல்முறை ஆதரவு 2025 சனவரி 5 அன்று முடிவடைந்தது. எனினும் பழைய தளங்களைப் புதிய பதிப்புக்கு மாற்றுவோர்க்கு இரு முறைகளைப் பற்றிய அறிவும் தேவைப்படுகிறது.

இக்கட்டுரையில் செயற்கூறுகள், அட்டவணைகள் ஆகியவற்றின் பெயர்கள் ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளன. நிரலில் இவை உரோமன் எழுத்துக்களில் எழுதப்படும்.

பின்னணி

துருப்பல், பெல்சியத்தைச் சேர்ந்த டிரீஸ் பைடார்ட் என்பவரால் தொடங்கப்பட்டது. ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது நண்பர்களுக்கிடையே செய்தி பரிமாறுவதற்காக அவர் எழுதிய செய்திப்பலகையே இதன் தொடக்கமாகும். 2001 சனவரி 15 அன்று இதன் 1.0 பதிப்பு வெளியானது. பி.எச்.பி மொழியில் எழுதப்பட்ட இம்மென்பொருள் குனூ பொதுமக்கள் உரிமத்தின் கீழ் கட்டற்ற முறையில் வழங்கப்படுகிறது.

துருப்பலின் வடிவமைப்பில் கருநிரலை எவரும் திருத்தக்கூடாது என்பது அடிப்படை விதியாகும். மாற்றம் எதுவாயினும் அது கூறு ஒன்றின் வழியாகவே செய்யப்பட வேண்டும். இதற்கென ஊக் எனப்படும் கொக்கிகள் வழங்கப்படுகின்றன. குறிப்பிட்ட பெயரமைப்பில் ஒரு செயற்கூறு எழுதப்பட்டிருந்தால், கருநிரல் உரிய தருணத்தில் அதனைத் தானாகவே அழைக்கும்.

2006 மே 1 அன்று வெளியான 4.7 பதிப்பில் படிவ நிரலாக்க இடைமுகம் அறிமுகமானது. அதற்கு முன்னர் படிவங்கள் மீயுரைக் குறிமொழித் துண்டுகளாகவே கட்டப்பட்டன. புதிய முறையில் ஒவ்வொரு படிவமும் பி.எச்.பி அணி ஒன்றாக விவரிக்கப்படுகிறது. புலத்தின் வகை, தலைப்பு, விளக்கம், இயல்பிருப்பு மதிப்பு ஆகியவை அவ்வணியின் உறுப்புக்களாகும். இதனால் ஒரு கூறு உருவாக்கிய படிவத்தில் இன்னொரு கூறு புதிய புலங்களைச் சேர்க்கவும் இருப்பவற்றை மாற்றவும் இயன்றது.

மாறிகள் அட்டவணை

துருப்பல் 7 வரையான பதிப்புகளில் தளத்தின் அமைப்புகள் யாவும் வேரியபிள் என்னும் ஒரே அட்டவணையில் சேமிக்கப்பட்டன. இதில் பெயர், மதிப்பு என இரண்டு நிரல்கள் மட்டுமே உண்டு. மதிப்பு எண்ணாகவோ, உரையாகவோ, அணியாகவோ இருக்கலாம். எதுவாயினும் அது பி.எச்.பியின் தொடராக்கச் செயற்கூறினால் ஒற்றைச் சரமாக மாற்றப்பட்டுப் பதியப்படும்.

இவ்வட்டவணையைக் கையாள மூன்று செயற்கூறுகள் இருந்தன:

- வேரியபிள் செட்: பெயரையும் மதிப்பையும் பெற்றுச் சேமிக்கும்.
- வேரியபிள் கெட்: பெயரைக் கொண்டு மதிப்பைத் தேடித் தரும். அப்பெயரில் எதுவும் இல்லையெனில், அழைத்தவர் தந்த இயல்பிருப்பு மதிப்பையே திருப்பித் தரும்.
- வேரியபிள் டெல்: பெயரையும் மதிப்பையும் நீக்கிவிடும்.

ஒவ்வொரு பக்கம் கோரப்படும்போதும் இவ்வட்டவணையின் எல்லா மதிப்புக்களும் நினைவகத்துக்குக் கொண்டுவரப்பட்டன. தரவுத்தளத்தின் சுமையைக் குறைப்பதற்காக, அனைத்தும் சேர்த்து ஒரே பதிவாகத் தற்காலிகச் சேமிப்பில் வைக்கப்பட்டன. எந்த ஒரு மாறி மாற்றப்பட்டாலும் அந்தத் தற்காலிகச் சேமிப்பு முழுவதும் அழிக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்டது. எனவே அமைப்புகளைச் சேமிப்பதற்கு ஏற்றதாயிருந்த இம்முறை, அடிக்கடி மாறும் தரவுகளுக்கு ஏற்றதன்று. பார்வையாளர் எண்ணிக்கையை மாறியில் பதியும் கூறு, ஒவ்வொரு வருகைக்கும் தளம் முழுவதன் அமைப்புகளையும் மீளப் படிக்க வைக்கும். பெரிய அணிகளை மாறியில் வைத்தாலும் இதே போன்று தளம் மெதுவாகும். அவற்றைப் பயன்படுத்தாத பக்கங்களும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும்.

அமைப்புப் படிவத்தை உருவாக்குதல்

எடுத்துக்காட்டாக, நூலகம் ஒன்றின் தளத்துக்காக நூலகம் என்னும் பெயரில் ஒரு கூறு எழுதப்படுவதாகக் கொள்வோம். நூலைக் கடனாக வைத்திருக்கக்கூடிய நாட்கள், நூலகம் திறந்திருக்கும் கிழமைகள், குறுஞ்செய்தி அனுப்பும் சேவைக்கான கடவுச்சொல் ஆகிய மூன்று அமைப்புகள் அதற்குத் தேவை.

துருப்பல் 6, 7 பதிப்புகளில் இதற்கான படிகள் வருமாறு:

1. பட்டிக் கொக்கியின் வழியாக நிருவாகப் பக்கத்துக்கான பாதை அறிவிக்கப்படும். அப்பக்கத்தைக் காண்பதற்குத் தேவையான அனுமதியும் அங்கேயே குறிக்கப்படும்.
2. படிவத்தை அணியாகத் தரும் செயற்கூறு எழுதப்படும். ஒவ்வொரு புலத்தின் இயல்பிருப்பு மதிப்பும் வேரியபிள் கெட் மூலம் பெறப்படும்.
3. அந்த அணி, சிஸ்டம் செட்டிங்ஸ் ஃபார்ம் என்னும் கருநிரல் செயற்கூறின் ஊடாகச் செலுத்தப்பட்டுத் திருப்பியனுப்பப்படும்.

மூன்றாம் படியே சேமிப்பு வேலையைச் செய்கிறது. சிஸ்டம் செட்டிங்ஸ் ஃபார்ம் படிவத்தின் அடியில் சேமிப்புப் பொத்தானைச் சேர்த்து, தன் சமர்ப்பிப்புச் செயற்கூறையும் படிவத்துடன் இணைத்துவிடும். படிவம் சமர்ப்பிக்கப்பட்டதும் அச்செயற்கூறு, படிவ அடையாளம், பாதுகாப்புச் சீட்டு போன்ற உள்ளகப் புலங்களை நீக்கிவிட்டு, எஞ்சிய ஒவ்வொரு புலத்தையும் அதன் பெயரிலேயே மாறியாகப் பதிகிறது. நிரலாளர் சேமிப்புக்கென ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. துருப்பல் 6 வரை இப்படிவங்களில் இயல்பிருப்புக்கு மீட்கும் பொத்தான் ஒன்றும் இருந்தது. அது துருப்பல் 7 இல் நீக்கப்பட்டது.

வழக்கமாக நேரும் பிழைகள்

பெயர் மோதல்

புலத்தின் பெயரே மாறியின் பெயராவதாலும், எல்லாக் கூறுகளும் ஒரே அட்டவணையைப் பகிர்வதாலும், பெயர்கள் மோதுவதற்கு வாய்ப்புண்டு. தளத்தின் பெயர் சைட்_நேம் என்னும் மாறியில் உள்ளது. நூலகக் கூறின் படிவத்தில் ஒரு புலத்துக்கு அதே பெயரை இட்டுவிட்டால், அப்படிவத்தைச் சேமித்த கணத்தில் தளத்தின் பெயரே மாறிவிடும். எந்தப் பிழைச்செய்தியும் தோன்றாது. இதனைத் தவிர்க்க ஒவ்வொரு புலப்பெயரும் கூறின் பெயரை முன்னொட்டாகக் கொண்டு, நூலகம்_கடன்_நாட்கள் என்பதைப் போல அமைய வேண்டும் என்பது மரபாகும்.

தனிச் சமர்ப்பிப்புச் செயற்கூறு அழைக்கப்படாமை

படிவ அடையாளத்துடன் சப்மிட் என்னும் சொல்லைச் சேர்த்துப் பெயரிடப்பட்ட செயற்கூறைத் துருப்பல் தானாகவே கண்டறிந்து அழைக்கும் என்பது பொது விதி. ஆயினும் படிவத்தில் சமர்ப்பிப்புப் பட்டியல் ஏற்கெனவே இல்லாதபோது மட்டுமே இவ்விதி செல்லும். சிஸ்டம் செட்டிங்ஸ் ஃபார்ம் தன் செயற்கூறை அப்பட்டியலில் இட்டுவிடுவதால் நிரலாளர் எழுதிய செயற்கூறு அழைக்கப்படுவதில்லை. மாறாக, வேலிடேட் என முடியும் சரிபார்ப்புச் செயற்கூறு வழக்கம்போல் அழைக்கப்படுகிறது. ஒன்று இயங்கி மற்றொன்று இயங்காமற் போவதே இப்பிழையைக் கண்டறிவதைக் கடினமாக்குகிறது. தனிச் செயற்கூறு தேவையெனில் அதன் பெயரைச் சமர்ப்பிப்புப் பட்டியலில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். மதிப்பைச் சேமிப்பதற்கு முன்னரே திருத்த வேண்டுமாயின், சிஸ்டம் செட்டிங்ஸ் ஃபார்மை அழைப்பதற்கு முன் சேர்க்க வேண்டும். ஏனெனில் பட்டியலில் உள்ள வரிசையிலேயே செயற்கூறுகள் இயங்கும்.

கடவுச்சொல் அழிந்துபோதல்

கடவுச்சொல் வகைப் புலத்துக்கு இயல்பிருப்பு மதிப்பு தரப்பட்டாலும் துருப்பல் அதனைத் திரையில் நிரப்புவதில்லை. பாதுகாப்புக் கருதியே இவ்வாறு செய்யப்பட்டுள்ளது. இதன் விளைவாக, நிருவாகி கடன் நாட்களை மட்டும் 14 இலிருந்து 21 ஆக மாற்றிச் சேமித்தாலும், வெற்றாக இருக்கும் கடவுச்சொற் புலமும் உடன் சேமிக்கப்பட்டு, முன்பிருந்த கடவுச்சொல் அழிந்துவிடும். அந்த நேரத்தில் எதுவும் தெரியாது. அடுத்த முறை குறுஞ்செய்தி அனுப்ப முயலும்போதே சேவை மறுக்கப்படும். கடவுச்சொற் புலம் வெற்றாக வந்தால், சேமிப்புக்கு முன்னர் அதனை மதிப்புக்களின் அணியிலிருந்து நீக்குவதே இதற்குத் தீர்வாகும்.

தெரிவுப்பெட்டிகளின் மதிப்பு

திறந்திருக்கும் கிழமைகளைத் தெரிவுப்பெட்டிகளாகத் தந்தால், தெரிவு செய்யப்பட்டவற்றுடன் தெரிவு செய்யப்படாதவையும் சுழியம் என்னும் மதிப்புடன் அணியில் இடம்பெறும். எனவே அணியின் உறுப்புக்களை எண்ணிப் பார்க்கும் நிரல், நூலகம் எப்போதும் வாரத்தில் ஏழு நாட்களும் திறந்திருப்பதாகவே கொள்ளும். படிவத்தில் அரே_ஃபில்டர் என்னும் மறைபுலம் சேர்க்கப்பட்டிருந்தால் சமர்ப்பிப்புச் செயற்கூறு தெரிவானவற்றை மட்டும் சேமிக்கும். அல்லது படிக்கும் இடத்தில் வடிகட்ட வேண்டும்.

இயல்பிருப்பு மதிப்பில் முரண்பாடு

வேரியபிள் கெட் அழைக்கப்படும் ஒவ்வோர் இடத்திலும் இயல்பிருப்பு மதிப்பு தனித்தனியே தரப்படுகிறது. படிவத்தில் 14 எனவும் கணக்கிடும் நிரலில் 7 எனவும் தரப்பட்டிருந்தால், படிவம் ஒருமுறையேனும் சேமிக்கப்படும் வரை திரையில் காண்பது ஒன்றும் நடப்பது வேறுமாக இருக்கும். நூலை 14 நாட்கள் வைத்திருக்கலாம் என எண்ணிய வாசகருக்கு எட்டாம் நாளிலேயே தண்டம் விதிக்கப்படக்கூடும். மேலும், உரைப்புலம் ஒன்றை வெற்றாக்கிச் சேமித்தால் இயல்பிருப்பு மதிப்பு மீள்வதில்லை. வெற்றுச்சரமும் ஒரு மதிப்பாகவே கருதப்படும்.

நீக்கிய பின்னும் எஞ்சுதல்

கூறு தளத்திலிருந்து நீக்கப்பட்டாலும் அதன் மாறிகள் தாமாக நீங்குவதில்லை. அன்இன்ஸ்டால் கொக்கியில் ஒவ்வொரு மாறியையும் பெயர் குறித்து நீக்க வேண்டும். இதனைச் செய்யாத கூறுகளால் பழைய தளங்களில் உரிமையாளரற்ற மாறிகள் குவிந்து கிடந்தன.

பிற கூறுகளின் படிவங்களில் புலம் சேர்த்தல்

வேறொரு கூறின் படிவத்தில் தன் புலத்தைச் சேர்க்கும்போது, அது தானாகச் சேமிக்கப்படுமா என்பது அப்படிவத்தின் வகையைப் பொறுத்தது. ஃபார்ம் ஆல்டர் கொக்கி புலத்தைக் காட்டுவதற்கே உதவும். சேமிப்பது தனி வேலையாகும்.

- சிஸ்டம் செட்டிங்ஸ் ஃபார்மால் ஆன படிவங்களில், சேர்க்கப்பட்ட புலமும் மற்றவற்றுடன் தானாகச் சேமிக்கப்படும்.
- துருப்பல் 6, 7 இல் உள்ளடக்க வகைப் படிவத்தில் சேர்க்கப்பட்ட புலமும் தானாகச் சேமிக்கப்படும். ஆனால் மாறியின் பெயருடன் உள்ளடக்க வகையின் பெயர் பின்னொட்டாகச் சேரும். நூலகம்_காட்டு என்னும் புலம், நூல் என்னும் வகைக்கு நூலகம்_காட்டு_நூல் எனப் பதியப்படும். பின்னொட்டின்றித் தேடும் நிரலாளர், மதிப்பு சேமிக்கப்படவில்லை எனத் தவறாக எண்ண இடமுண்டு.
- கட்டங்களுக்கான அமைப்புகள் துருப்பல் 7 இல் பிளாக் கன்ஃபிகர், பிளாக் சேவ் ஆகிய இரு கொக்கிகளால் கையாளப்பட்டன. முதலாவது புலங்களைத் தரும். இரண்டாவதில் நிரலாளரே மதிப்பைச் சேமிக்க வேண்டும்.
- பிற படிவங்களில் சமர்ப்பிப்புச் செயற்கூறு ஒன்றை நிரலாளரே இணைக்க வேண்டும்.

கடைசி வகையில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பொத்தானுக்கெனத் தனியே சமர்ப்பிப்புப் பட்டியல் இருந்தால், அப்பொத்தானை அழுத்தும்போது படிவத்தின் பொதுப் பட்டியல் இயங்காது. துருப்பல் 8 முதல் உட்பொருட் படிவங்களின் சேமிப்புப் பொத்தான் இவ்வாறே அமைந்துள்ளது. எனவே செயற்கூறைப் படிவத்துடன் இணைக்காமல், பொத்தானின் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

தொடராக்கமும் தமிழ் உரையும்

பி.எச்.பியின் தொடராக்க வடிவில் ஒவ்வொரு உரைச்சரத்தின் முன்னும் அதன் நீளம் பைட்டுக்களில் குறிக்கப்படுகிறது. யூ.டி.எஃப்-8 குறிமுறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டும், தமிழ் ஒருங்குறிக் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட்டுக்களும் தேவைப்படுகின்றன. தமிழ் என்னும் சொல்லில் தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியீடுகள் உள்ளன. எனவே கண்ணுக்கு மூன்று எழுத்தாகத் தோன்றும் இச்சொல்லின் நீளம் 15 எனவே பதியப்படும்.

தளத்தை ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, தரவுத்தளப் படியை உரைத்தொகுப்பியில் திறந்து சொற்களைத் தேடி மாற்றுவது பலரது வழக்கம். நூலகம் என்னும் சொல் 18 பைட்டுக்களும் நூலகங்கள் என்னும் சொல் 27 பைட்டுக்களும் கொண்டவை. சொல்லை மட்டும் மாற்றிவிட்டு முன்னுள்ள நீளத்தை மாற்றாவிடில், பி.எச்.பி அந்தச் சரத்தை மீட்க இயலாமல் பொய் என்னும் மதிப்பைத் தரும். படியைத் தவறான குறிமுறையில் திறந்து சேமித்ததால் தமிழ் எழுத்துக்கள் கேள்விக்குறிகளாக மாறினாலும் இதுவே நிகழும்.

இங்கு பாதிப்பு இரட்டிப்பாகும். பொய் என்பதும் ஒரு மதிப்பே ஆகையால் வேரியபிள் கெட் இயல்பிருப்பு மதிப்பைத் தராமல் பொய்யையே திருப்பித் தரும். பல உறுப்புக்களைக் கொண்ட அணி ஒன்றில் ஒரு சொல் மட்டும் பிழையானாலும் அணி முழுவதும் இழக்கப்படும். ஆகவே இத்தகைய மாற்றங்களைத் துருப்பலின் படிவங்கள் வழியாகவோ, மதிப்பை மீட்டு மாற்றி மீண்டும் தொடராக்கும் நிரல் வழியாகவோ மட்டுமே செய்ய வேண்டும்.

பன்மொழித் தளங்களிலும் மாறிகள் முறை குறையுடையதாக இருந்தது. ஒரு மாறிக்கு ஒரு மதிப்பே உண்டு என்பதால் தளத்தின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே வைக்கக் கருநிரலில் வழியிருக்கவில்லை. துருப்பல் 6 இல் பன்மொழிக்கான துணைக் கூறு ஒன்றை நிறுவி, மொழிக்கேற்ப மாற வேண்டிய மாறிகளின் பெயர்களைச் செட்டிங்ஸ் கோப்பில் கையால் பட்டியலிட வேண்டியிருந்தது.

துருப்பல் 8 முதலான முறை

2015 நவம்பர் 19 அன்று வெளியான துருப்பல் 8 இல் மாறிகள் அட்டவணையும் அதன் மூன்று செயற்கூறுகளும் நீக்கப்பட்டன. அவற்றினிடத்தில் உள்ளமைவு மேலாண்மை முறை வந்தது. இம்மாற்றத்துக்கு ஒரு நடைமுறைச் சிக்கலே காரணமாகும். சோதனைத் தளத்தில் படிவங்கள் வழியாகச் செய்த அமைப்புகளை உண்மைத் தளத்துக்குக் கொண்டுசெல்ல முறையான வழி இருக்கவில்லை. தரவுத்தளத்தை முழுமையாக நகலெடுத்தால் பயனர்கள் இடையில் எழுதியவை அழியும். இல்லையெனில் ஒவ்வொரு படிவத்தையும் மீண்டும் கையால் நிரப்ப வேண்டும்.

புதிய முறையில் ஒவ்வொரு கூறின் அமைப்புகளும் அக்கூறின் பெயரால் தொடங்கும் தனி உள்ளமைவுப் பொருளாக வைக்கப்படுகின்றன. நூலகக் கூறின் அமைப்புகள் நூலகம்.செட்டிங்ஸ் என்னும் பெயரில் அமையும். அதனுள் கடன் நாட்கள், கிழமைகள் முதலியவை தனித்தனி விசைகளாக இருக்கும். பெயர் மோதல் சிக்கல் இதனால் பெரிதும் நீங்கியது. கூறு நீக்கப்படும்போது அதன் பெயரால் தொடங்கும் உள்ளமைவுகளும் தாமாகவே நீங்குகின்றன.

அமைப்புப் படிவம் இப்போது கன்ஃபிக் ஃபார்ம் பேஸ் என்னும் வகுப்பிலிருந்து பெறப்படும் வகுப்பாக எழுதப்படுகிறது. அதில் நான்கு முறைகள் வழக்கமாக இடம்பெறும்:

1. படிவத்தின் அடையாளத்தைத் தருவது.
2. இப்படிவம் திருத்தக்கூடிய உள்ளமைவுகளின் பெயர்களைத் தருவது.
3. படிவத்தின் புலங்களைக் கட்டுவது.
4. சமர்ப்பிப்பின்போது ஒவ்வொரு மதிப்பையும் உரிய விசையில் இட்டு, இறுதியில் சேமிப்பது.

முந்தைய முறையைப் போலன்றி நான்காவது முறையில் எந்தப் புலம் எந்த விசையில் சேமிக்கப்பட வேண்டும் என்பதை நிரலாளரே குறிப்பிட வேண்டும். விசையில் மதிப்பை இட்டபின் சேவ் என்னும் அழைப்பை மறந்தால் எதுவும் பதியப்படாது. இரண்டாவது முறையில் பெயர் தரப்படாத உள்ளமைவு, படிக்க மட்டுமே இயலும் பொருளாகவே கிடைக்கும். அதில் எழுத முற்பட்டால் துருப்பல் பிழை எழுப்பும். துருப்பல் 10.2 பதிப்பிலிருந்து, புலத்தின் வரையறையிலேயே அது சேமிக்கப்பட வேண்டிய விசையைக் குறிக்கும் வசதி சேர்க்கப்பட்டுள்ளது. அவ்வாறு குறித்தால் படித்தல், சேமித்தல் ஆகிய இரண்டையும் கருநிரலே பார்த்துக்கொள்ளும்.

இயல்பிருப்பு மதிப்புகள் கூறின் கன்ஃபிக் அடைவில் உள்ள இன்ஸ்டால் அடைவில் யாமெல் கோப்பாக ஒரே இடத்தில் தரப்படுகின்றன. இதனால் முன்பிருந்த முரண்பாடு நீங்கியது. ஆயினும் இக்கோப்பு கூறு நிறுவப்படும் வேளையில் மட்டுமே படிக்கப்படுகிறது. கூறின் அடுத்த வெளியீட்டில் புதிய அமைப்பொன்றைச் சேர்ப்பவர், ஏற்கெனவே நிறுவியுள்ள தளங்களுக்காக இற்றைப்படுத்தும் கொக்கி ஒன்றையும் எழுத வேண்டும். இல்லாவிடில் பழைய தளங்களில் அவ்வமைப்பு மதிப்பின்றி இருக்கும்.

ஸ்கீமா எனப்படும் திட்ட வரைவுக் கோப்பு ஒவ்வொரு விசையின் தரவு வகையையும் விவரிக்கிறது. உலாவியிலிருந்து வரும் மதிப்புகள் எல்லாம் உரைச்சரங்களே. திட்ட வரைவு இருந்தால் 14 என்னும் உரை 14 என்னும் எண்ணாக மாற்றப்பட்டுச் சேமிக்கப்படும். மொழிபெயர்க்கத்தக்க உரை எது என்பதும் இதிலிருந்தே அறியப்படுகிறது. தமிழ் மொழிபெயர்ப்புகள் லாங்குவேஜ்.டிஏ என்னும் தனித் தொகுப்பில் மூல மதிப்புக்கு இணையாகச் சேமிக்கப்படுகின்றன.

உள்ளடக்க வகை போன்ற பிற கூறுகளின் உள்ளமைவுப் பொருட்களில் தன் அமைப்பைச் சேர்ப்பதற்கு மூன்றாந்தரப்பு அமைப்புகள் என்னும் வசதி உண்டு. பட்டிகளுக்கான கருக்கூறு, ஒவ்வோர் உள்ளடக்க வகைக்கும் எந்தப் பட்டிகள் கிடைக்க வேண்டும் என்பதை இவ்வாறே சேமிக்கிறது.

ஏற்றுமதியும் இறக்குமதியும்

நடப்பு உள்ளமைவு தரவுத்தளத்தில் கன்ஃபிக் என்னும் அட்டவணையில் உள்ளது. அதனை டிரஷ் என்னும் கட்டளைக் கருவியாலோ நிருவாகப் பக்கத்தாலோ யாமெல் கோப்புகளாக ஏற்றுமதி செய்யலாம். இக்கோப்புகளை கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டு முறையில் வைத்தால், எந்த அமைப்பு எப்போது மாறியது என்பதை அறியலாம். யாமெல் வடிவில் உரையின் நீளம் குறிக்கப்படுவதில்லை. எனவே இக்கோப்புகளில் தமிழ்ச் சொற்களை நேரடியாகத் திருத்தினாலும் மேற்கூறிய தொடராக்கப் பிழை நேராது. அட்டவணையில் உள்ள மதிப்போ இன்றும் தொடராக்க வடிவிலேயே இருப்பதால், தரவுத்தளப் படியைத் திருத்துவோர்க்கு அவ்வெச்சரிக்கை பொருந்தும்.

ஒரு தளத்தின் உள்ளமைவை அதே தளத்தின் நகலில் மட்டுமே இறக்குமதி செய்ய இயலும். தளத்தின் தனித்துவ அடையாள எண் ஒத்திருக்கிறதா எனத் துருப்பல் சரிபார்க்கும். உண்மைத் தளத்தில் நிருவாகி படிவம் வழியாகச் செய்த மாற்றங்கள் ஏற்றுமதி செய்யப்படாமல் இருக்கையில், பழைய கோப்புகள் இறக்குமதி செய்யப்பட்டால் அம்மாற்றங்கள் அழிந்துவிடும்.

எதனை எங்கு சேமிப்பது

துருப்பல் 8 முதல் சேமிக்க வேண்டிய தரவின் தன்மைக்கேற்ப இடம் வேறுபடுகிறது.

- உள்ளமைவு: நிருவாகி முடிவு செய்து, தளங்களுக்கிடையே கொண்டுசெல்ல வேண்டியவை. கடன் நாட்கள், கிழமைகள் இவ்வகையின.
- நிலை: ஒரு குறிப்பிட்ட தளத்துக்கு மட்டும் உரியவை. கால ஒழுங்குப் பணி கடைசியாக இயங்கிய நேரம் இவ்வாறு சேமிக்கப்படுகிறது. இவை ஏற்றுமதியில் இடம்பெறா.
- உள்ளடக்கம்: பயனர்கள் எழுதுபவை.
- இரகசியங்கள்: கடவுச்சொற்கள், சேவைகளுக்கான திறவுகோல்கள்.

கடைசி வகையே மிகுந்த கவனத்துக்குரியது. கடவுச்சொல்லை மற்ற அமைப்புகளுடன் உள்ளமைவில் சேமித்தால் அது ஏற்றுமதிக் கோப்பில் வெளிப்படையான உரையாக இடம்பெறும். அக்கோப்பு பொதுக் களஞ்சியத்துக்குச் சென்றால் எவரும் அதனைக் காணலாம். பின்னர் கோப்பிலிருந்து நீக்கினாலும் வரலாற்றில் அது எஞ்சியிருக்கும். அந்நிலையில் கடவுச்சொல்லையே மாற்றுவதுதான் வழி. இதனைத் தவிர்க்க, உள்ளமைவில் வெற்றிடம் விட்டு, உண்மை மதிப்பை வழங்கியில் மட்டும் உள்ள செட்டிங்ஸ் கோப்பில் மேலெழுதுவது வழக்கம். இவ்வாறு மேலெழுதப்பட்ட மதிப்பு அமைப்புப் படிவத்தில் காட்டப்படுவதில்லை. படிவத்தின் வழியாக அது தரவுத்தளத்தில் பதியப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக, படிவம் மேலெழுதப்படாத மூல மதிப்பையே கையாளுகிறது. இதனை அறியாதோர் படிவத்தில் மதிப்பை மாற்றிச் சேமித்துவிட்டு, தளத்தில் மாற்றம் தென்படாமை கண்டு குழம்புவதுண்டு.

சேமித்த பின்னும் பக்கத்தில் பழைய மதிப்பே தோன்றுவதற்கு இன்னொரு காரணம் தற்காலிகச் சேமிப்பாகும். அமைப்பைப் பயன்படுத்தும் பக்கப்பகுதி, அந்த உள்ளமைவின் குறிச்சொல்லைத் தன்னுடன் கொண்டிருக்க வேண்டும். அவ்வாறிருந்தால் உள்ளமைவு சேமிக்கப்பட்டதும் அப்பகுதி புதிதாகக் கட்டப்படும்.

பாதுகாப்பு

அமைப்புப் படிவங்கள் உரிய அனுமதி பெற்றோர்க்கு மட்டுமே திறக்க வேண்டும். படிவ நிரலாக்க இடைமுகம் ஒவ்வொரு படிவத்திலும் பாதுகாப்புச் சீட்டு ஒன்றை இணைப்பதால், வேறொரு தளத்திலிருந்து நிருவாகியின் பெயரால் படிவத்தைக் கள்ளமாகச் சமர்ப்பிப்பது தடுக்கப்படுகிறது. மதிப்பைப் பயனர் உள்ளிட்டவாறே சேமித்து, காட்டும்போது தூய்மைப்படுத்த வேண்டும் என்பது துருப்பலின் கொள்கையாகும். சேமிக்கும்போதே குறிகளை நீக்கினால், மூல உரையை மீட்க இயலாமற் போகும். காட்டும்போது தூய்மைப்படுத்தத் தவறினால், அமைப்புப் புலம் வழியாகத் தீய நிரல் பக்கத்தில் நுழையக்கூடும்.

பழைய பதிப்பிலிருந்து மாற்றுதல்

துருப்பல் 7 தளத்தின் மாறிகள் புதிய பதிப்பில் தாமாக இடம்பெறுவதில்லை. கருநிரலில் உள்ள மைக்ரேட் கூறு மாறிகளை மூலமாகக் கொண்டு உள்ளமைவுக்கு மாற்றும் வசதியைத் தருகிறது. எந்த மாறி எந்த விசைக்குச் செல்ல வேண்டும் என்பதை யாமெல் கோப்பில் குறிக்க வேண்டும். கருக்கூறுகளுக்கு இப்பட்டியல் ஏற்கெனவே உள்ளது. தளத்துக்கெனத் தனியே எழுதிய கூறுகளுக்கு அதனை எழுதியவரே தர வேண்டும். மாற்றத்துக்கு முன்னர் ஒவ்வொரு மாறியையும் ஆய்ந்து, அது உள்ளமைவா, நிலையா, இரகசியமா எனப் பிரித்துக்கொள்வது வேலையை எளிதாக்கும்.

பிற முறைமைகளில்

துருப்பல் 7 இலிருந்து கிளைத்து 2015 சனவரி 15 அன்று முதல் வெளியீடு கண்ட பேக்டிராப், உள்ளமைவை ஜேசான் கோப்புகளில் சேமிக்கும் முறையைக் கைக்கொண்டது. வேர்ட்பிரெஸ் தன் அமைப்புகளை ஆப்ஷன்ஸ் என்னும் அட்டவணையில் தொடராக்க வடிவில் சேமிக்கிறது. எல்லாப் பக்கங்களிலும் ஏற்ற வேண்டியவை எவை என்பதை அதில் தனித்தனியே குறிக்க இயலும். 2008 இல் வெளியான 2.7 பதிப்பில் அதற்கென அமைப்புகள் நிரலாக்க இடைமுகம் சேர்க்கப்பட்டது. ஜூம்லாவில் நீட்சிகளின் அமைப்புகள், நீட்சிகள் அட்டவணையில் அந்தந்த நீட்சிக்குரிய பதிவிலேயே ஜேசான் வடிவில் வைக்கப்படுகின்றன. தொடராக்கத்தைப் பயன்படுத்தும் வேர்ட்பிரெஸ் தளங்களிலும், தரவுத்தளப் படியில் தமிழ் உரையைக் கையால் மாற்றுவது பற்றிய மேற்கூறிய எச்சரிக்கை அவ்வாறே பொருந்தும்.